அவள் ஒட்டிய சைக்கிள்

என் மனைவியைப் பார்த்து எனக்குப் பொறாமை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்வதில் பயனில்லை. அவள் சம்பளத்தைப் பார்த்தோ, அவள் பேசும் மராத்தியைப் பார்த்தோ அல்ல. அவள் புனேயில் பிறந்து வளர்ந்தவள். காய்கறிக்காரரிடம் அவள் பேரம் பேசும்போது நான் பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பேன், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பொறாமையெல்லாம் ஒரு சைக்கிளைப் பற்றியது.

நான் கோயம்புத்தூர்க்காரன். வேலை ஹிஞ்சேவாடியில், வீடு போபோடியில். கம்பெனி வண்டியில் போக்குவரத்து நெரிசலில் உட்கார்ந்தே பாதி ஆயுள் போகிறது. மீதி இருக்கும் உயிரை சைக்கிளுக்குக் கொடுத்துவிட்டேன். பழைய ஸ்டீல் சைக்கிள்களை வாங்கி வந்து, துருவைச் சுரண்டி, வளைந்ததை நிமிர்த்தி, பெயின்ட் அடித்து ஓட்டுவது என் பைத்தியம். எங்கள் பால்கனியில் துணி காயப்போட இடம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சேர்ந்து ஓட்டும் ஒரு குழு இருக்கிறது. அதில் யாருக்குச் சங்கிலி நழுவினாலும், பிரேக் கத்தினாலும் என்னிடம்தான் வருவார்கள். வீட்டில் வங்கி, வாடகை, சொந்தபந்தம், காஸ் சிலிண்டர் எல்லாம் அவள் பார்த்துக்கொள்வாள். சைக்கிள் மட்டும் என் ராஜ்யம்.

அந்த ஃப்ரேமை நான் கண்டுபிடித்தது கடக்கிக்குப் போகும் சந்தில் ஒரு பழைய இரும்புக் கடையில். கிரில் கதவுகளுக்கும் உடைந்த ஃபேன்களுக்கும் நடுவே, ஜன்னலுக்கு அடிக்கும் நீலப் பெயின்டைப் பூசிக்கொண்டு கிடந்தது. இழுத்துத் தூக்கினேன். கனமாக இருக்கும் என்று நினைத்துத் தூக்கிய வேகத்தில் அது என் தலைக்கு மேலே போய்விட்டது. அவ்வளவு லேசு. நகத்தால் பெயின்டைச் சுரண்டினால் வெள்ளையாக அலுமினியம். குழாய்கள் சேரும் இடங்களில் வெல்டிங் தடமே இல்லை. அதைக் கீழே வைக்கவே எனக்கு மனம் வரவில்லை.

அலுமினியக் குழாயை மெல்லிசாக இழைத்து, மூட்டுத் துண்டுகளில் செருகி, பசை போட்டு ஒட்டி ரேஸ் சைக்கிள் செய்த ஒரு காலம் வெளிநாட்டில் இருந்தது. வெல்டிங் இல்லை, ஆணி இல்லை, வெறும் பசை. எங்கள் குழுவில் அதைப் படத்தில் பார்த்தவர்கள் உண்டு, கையால் தொட்டவர் யாரும் இல்லை. அங்கேயே நின்று படம் எடுத்துக் குழுவுக்கு அனுப்பினேன். அடுத்த நிமிடத்திலிருந்து ஃபோன் ஓயவில்லை. அத்தனை பேர் வயிறும் எரிவது எனக்கு இங்கே சூடாகத் தெரிந்தது. பொறாமை அடுத்தவருக்கு வரும்போது எவ்வளவு இனிப்பாக இருக்கிறது!

வீட்டுக்குக் கொண்டுவந்து சோபாவில் சாய்த்து வைத்தேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து குனிந்து பார்த்தாள். ஒவ்வொரு மூட்டையும் நகத்தால் தட்டிக் காதை வைத்துக் கேட்டாள்.

"ஒட்டினதா?" என்றாள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். என் மனைவிக்கு வேலையே பசைதான். சாகன் பக்கம் பேருந்துகளுக்கு அலுமினியப் படிக்கட்டும் தரைப்பலகையும் செய்யும் தொழிற்சாலையில், உலோகத்தோடு உலோகத்தை ஒட்டும் பிரிவை அவள்தான் கவனித்துக்கொள்கிறாள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. புது மாதிரிப் படிக்கட்டு ஒன்று தயாரானால், அதை ஒட்டியவர்தான் எல்லார் முன்னாலும் அதில் முதலில் ஏறிக் குதிக்க வேண்டும். மேலதிகாரி வந்து நின்றாலும் சரி, ஒட்டியவர் குதித்த பிறகுதான் மற்றவர் கால் வைக்கலாம். சாப்பிடும்போது இந்தக் கதையை அடிக்கடி சொல்வாள். ரிப்பன் வெட்டுவதுபோல் ஏதோ மரியாதை என்று நினைத்துக்கொண்டு நானும் தலையாட்டுவேன்.

"பசைன்னு தெரியுதில்ல? எதுவும் பண்றதுக்கு முன்னால என்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க" என்றாள்.

"பஸ்ஸுப் படிக்கட்டும் ரேஸ் சைக்கிளும் ஒண்ணாக்கும்?" என்றேன். அவள் குக்கரைப் பார்க்கப் போய்விட்டாள்.

கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஸ்டீல் ஃப்ரேம் வைத்திருப்பவன் எவனும் செய்யக்கூடிய காரியத்தைத்தான் நானும் செய்தேன். நீலப் பெயின்டை உரித்துவிட்டு, என் ஸ்டீல் ஃப்ரேம்களுக்கெல்லாம் பவுடர் கோட்டிங் போட்டுத் தரும் கடைக்கு அதைத் தூக்கிக்கொண்டு போனேன். பொடியாக வண்ணத்தைத் தூவி, பெரிய ஓவனுக்குள் தொங்கவிட்டுச் சுடுவார்கள். பொடி உருகிக் கண்ணாடிபோல் படியும். ஸ்டீலுக்கு அந்தச் சூடு ஒன்றுமே இல்லை. நான் வண்ணம் தேர்ந்தெடுப்பதிலேயே மதியம் முழுக்கச் செலவழித்து, கடைசியில் கறுஞ்சிவப்பு சொன்னேன். கடைக்காரர் வழக்கம்போல் வாங்கி வைத்தார். இது பசையால் ஆனது என்று நானும் சொல்லவில்லை. எனக்கே அது நினைவில் இல்லை.

வந்தபோது மணப்பெண்போல் இருந்தது. பால்கனி ஸ்டாண்டில் மாட்டி சீட்டுக் கம்பியை இறுக்கினேன். 'டிக்' என்று ஒரு சத்தம். மேல்குழாயைப் பிடித்துப் பார்த்தேன். பாட்டில் மூடியைத் திருகுவதுபோல் அது என் கையோடு திரும்பியது.

திரும்பிப் பார்த்தால் பால்கனி வாசலில் அவள்.

"ஓவன்ல வெச்சீங்களா?"

"பவுடர் கோட்டிங்..."

"அரே தேவா" என்று தலையில் கை வைத்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. கிட்டே வந்து ஒவ்வொரு குழாயாகத் திருகிப் பார்த்தாள். அவள் கண்ணில் ஒரு பளபளப்பு. புதுப்புடவையைப் பார்க்கும்போதுகூட அதை நான் கண்டதில்லை.

"குடுங்க. நான் பாக்கறேன்."

அந்த 'குடுங்க'வில்தான் என் பொறாமை தொடங்கியது. என் ராஜ்யத்துக்குள் செருப்புக் காலோடு ஒருவர் நுழைந்துவிட்டார், அழைத்ததும் நான்தான். வேண்டாம் என்று சொல்ல வழியில்லை. ஃப்ரேம் குழாய் குழாயாக ஆடிக்கொண்டிருந்தது.

அடுத்த விடுமுறை நாளில் ஹாலில் பழைய பேப்பரை விரித்தாள். சூடான காற்று ஊதும் துப்பாக்கியைத் தொழிற்சாலையிலிருந்து கேட்டு வாங்கி வந்திருந்தாள். ஒவ்வொரு மூட்டையும் சூடாக்கிக் குழாய்களைக் கழற்றினாள். என் அரிய சைக்கிள் புல்லாங்குழல் கடைபோல் தரையில் பரவிக் கிடந்தது. மூட்டுகளில் ஒட்டிக் கிடந்த கருகிய பசையைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, அசிட்டோனால் துடைத்து, பிறகு தண்ணீரை ஊற்றிப் பார்த்தாள்.

"தண்ணி முத்து முத்தா நின்னா இன்னும் அழுக்கு இருக்குன்னு அர்த்தம். ஷீட் மாதிரி பரவணும்."

பரவியது. நன்றாயிருக்கிறதே என்று நான் ஒரு குழாயின் முனையைத் தொட்டேன்.

"நக்கோ! கை வைக்க வேண்டாம்!" என்று கத்தினாள். விரலில் இருக்கும் எண்ணெய் போதுமாம் பசையைக் கெடுக்க. அந்தக் குழாயை மறுபடி முதலிலிருந்து தேய்த்தாள். என் சைக்கிளை நான் தொடக்கூடாது! அதற்குப் பிறகு எனக்குக் கையுறை கொடுக்கப்பட்டது. பிடி என்றால் பிடிக்க வேண்டும், விடு என்றால் விட வேண்டும்.

பசையில் பொடிப்பொடியான கண்ணாடி மணிகளைக் கலந்தாள். எதற்கு என்றேன். குழாயும் மூட்டும் ரொம்ப நெருங்கினால் பசை முழுக்கப் பிதுங்கி வெளியே வந்துவிடும், நடுவே கொஞ்சம் இடம் விட்டால்தான் பிடிக்கும் என்றாள். புருஷன் பெண்டாட்டிக்கும் அதுதான் என்று சொல்ல வாய்வரை வந்தது. கையில் கையுறையோடு எடுபிடியாக நிற்பவன் தத்துவம் பேசக்கூடாது என்று அடக்கிக்கொண்டேன்.

ஃப்ரேமை ஒட்டுவதற்கு முன்னால், அதே பசையால் இரண்டு அலுமினியப் பட்டைகளை ஒட்டி, காய்ந்ததும் அதைப் பிய்க்கச் சொன்னாள். பசை இரண்டு பக்கத்திலும் கிழிந்து ஒட்டியிருந்தால் நல்லது. ஒரு பக்கம் மட்டும் சுத்தமாக உரிந்து வந்தால் பிடிக்கவில்லை என்று பொருள். நான் கிடுக்கியில் மாட்டி இழுத்தேன். முதல் பட்டை சுத்தமாக உரிந்தது. அவள் முகம் விழுந்துவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், எனக்குள் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. சைக்கிள் என்னுடையது, அது ஒட்டாமல் போனால் போவதும் என்னுடையதுதான். ஆனாலும் சந்தோஷம். பொறாமைக்குக் கணக்கு வழக்கெல்லாம் தெரியாது. அவள் எல்லாக் குழாய்களையும் மறுபடி தேய்க்க உட்கார்ந்தாள். அடுத்த பட்டையைப் பிய்க்க நான் முழு உடம்பையும் போட்டுத் தொங்க வேண்டியிருந்தது.

என் பங்குக்கு ஏதாவது செய்யவேண்டாமா? ஃப்ரேமின் பின்பக்கம் பழைய காலத்து அளவு, இப்போதைய சக்கரம் உள்ளே போகாது. ஸ்டீலாக இருந்தால் இரண்டு பக்கமும் பிடித்து இழுத்து விரித்துவிடுவேன், அதில் நான் கெட்டிக்காரன். ஒட்டிக் காய்ந்ததும் விரித்துக்கொள்கிறேன் என்றேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"விரிச்சா ஒட்டு விட்டுப் போயிடும். பழைய சக்கரம் தேடுங்க."

ஆக, சக்கரம் தேடும் வேலை எனக்கு. குழுவில் ஒருவரிடம் பழைய அளவில் ஒன்று இருந்தது. அவர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மராத்தியர். நானே கொண்டுவருகிறேன் என்று வீட்டுக்கு வந்தார். ஹாலில் மரப்பலகை மேல் கிளாம்ப்பும் நூலும் கட்டி நேராக நிறுத்தியிருந்த ஃப்ரேமைப் பார்த்து வாயைப் பிளந்துவிட்டார். அவளிடம் ஆயிரம் கேள்வி. அவள் மராத்தியில் விளக்க விளக்க, "வாஹ் வஹினி, வாஹ்!" என்று ஒரே பாராட்டு. வஹினி என்றால் அண்ணி. நான் டீ போட்டுக்கொண்டு வந்து நின்றேன். டம்ளரை என் கையிலிருந்து வாங்கும்போதும் அவர் கண் அவள் மேல்தான் இருந்தது.

அந்த வாரத்திலிருந்து குழுவில் என் நிலைமை மாறிவிட்டது. முன்பெல்லாம் 'இதை என்ன செய்யலாம்' என்று என்னைக் கேட்டவர்கள், 'வஹினியைக் கேட்டுச் சொல்லுங்கள்' என்று கேட்க ஆரம்பித்தார்கள். வீட்டுக்கு வருபவர்கள் கதவைத் திறந்த என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, "வஹினி இருக்காங்களா?" என்பார்கள். இத்தனை வருடம் கிரீஸ் படிந்த கையோடு நான் கட்டிய பெயர், ஒரு டப்பா பசையில் போய்விட்டது.

பசை காயும் நாட்கள் இன்னும் மோசம். லேசான சூடு வேண்டுமென்று பக்கத்தில் ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டிருந்தாள். காலையில் எழுந்ததும் டீக்கு முன்னால் அதனிடம் போவாள், மிச்சமிருந்த பசைத் துணுக்கில் நகத்தை அழுத்திப் பார்ப்பாள், தலையை ஆட்டிக்கொள்வாள். எனக்கு ஜுரம் வந்தபோதுகூட இப்படி ஓடி ஓடி வந்து தொட்டுப் பார்த்ததில்லை. யாரைப் பார்த்துப் பொறாமைப்படுவது என்றே எனக்குக் குழப்பம். சைக்கிளைத் தொடும் அவளைப் பார்த்தா, அவள் தொடும் சைக்கிளைப் பார்த்தா?

எனக்கு மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. முதல் ஓட்டம். எப்படி ஒட்டியிருந்தாலும், யார் ஒட்டியிருந்தாலும், கண்டுபிடித்தவன் நான். அதில் ஏறி எல்லார் முன்னாலும் போப்தேவ் மலைப்பாதையில் நான் இறங்கிவந்தால் போதும், போன மரியாதை திரும்பிவிடும். குழுவுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டேன். வரும் ஞாயிறு, மலை உச்சியிலிருந்து அடிவாரம் வரை, நான், ஒட்டுச் சைக்கிளில். எல்லாரும் வருவதாகச் சொன்னார்கள்.

அந்த ஞாயிறு காலை சைக்கிள்களை, அவள் சொன்னதால் என் பழைய ஸ்டீலையும் சேர்த்து, மேலே ஒரு டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனோம். ஏறும்போது மூட்டுகளுக்கு வீண் சிரமம் தர வேண்டாம், இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போதுதான் உண்மையான சோதனை என்று அவள் சொல்லியிருந்தாள். தொழிற்சாலையில் போடும் தடித்த முழுக்கைச் சட்டை, தோல் கையுறை, முழங்கால் பட்டை என்று அவள் போர்க்களத்துக்குப் போவதுபோல் கிளம்பியதைப் பார்த்து, "டெம்போவுல உக்காந்து வர்றதுக்கு எதுக்கு இத்தன வேசம்?" என்று கிண்டல்கூடச் செய்தேன். சிரித்துவிட்டு முழங்கால் பட்டையை இறுக்கிக் கட்டினாள்.

உச்சியில் இறங்கியதும் ஒரு மார்க்கர் பேனாவை எடுத்து, ஒவ்வொரு மூட்டிலும் குழாயையும் மூட்டையும் சேர்த்து ஒரு வெள்ளைக் கோடு போட்டாள். குழாய் இம்மியளவு நகர்ந்தாலும் கோடு உடைந்து காட்டிவிடுமாம். எல்லாரும் சுற்றி நின்று பார்த்தார்கள். நான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஹேண்டில்பாரைப் பிடித்தேன். அவளும் பிடித்தாள்.

"நான் போறேன். நீங்க உங்க ஸ்டீல்ல பின்னால வாங்க."

"என்ற சைக்கிள். நான்தான் ஏறோணும்."

"ஒட்டினது நான். ஒட்டினவங்கதான் முதல்ல ஏறணும்."

"அதெல்லாம் உன்ற பேக்டரில வெச்சுக்க."

குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது. தமிழ் புரியாவிட்டாலும் அத்தனை பேருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. ஓய்வு பெற்றவர் என் தோளைத் தட்டி, வஹினி போகட்டும் விடுங்கள் என்றார். எனக்கு மானம் போனது. கையை எடுத்துவிட்டேன். எனக்கும் அவளுக்கும் உயரம் ஏறக்குறைய ஒன்று, அதனால் சீட்டை மாற்றக்கூட அவளுக்கு வேலை இருக்கவில்லை. அந்த உயரத்தின் மேலும் எனக்கு அப்போது கோபம் வந்தது.

"கேப் விட்டு வாங்க. கிட்ட வராதீங்க, சரியா?" என்று சொல்லி, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

பின்னாலேயே போனேன். கறுஞ்சிவப்பு ஃப்ரேம் காலை வெயிலில் வளைவுக்கு வளைவு மின்னியது. முன்னால் டெம்போவிலிருந்து ஒருவர் அவளை வீடியோ எடுத்துக்கொண்டே வந்தார். நான் அந்தப் படத்தில் எங்கோ பின்னால் ஒரு புள்ளியாக இருப்பேன். நான் கண்டெடுத்த சைக்கிள், நான் தேர்ந்தெடுத்த வண்ணம், நான் சொல்லிக் கூட்டிய கூட்டம், அதில் அவள் சவாரி! வழி முழுக்க எனக்குள் அந்தப் பேச்சுதான் ஓடியது. ஒவ்வொரு வளைவுக்கு முன்னாலும் அவள் பிரேக்கை வேண்டுமென்றே அழுத்திப் பிடித்ததையும், குழியைத் தவிர்க்காமல் அதிலேயே இறக்கியதையும் பார்த்தேன். என்னை வெறுப்பேற்றத்தான் இப்படிக் காட்டிக்கொள்கிறாள் என்று நினைத்தேன்.

அடிவாரத்து டீக்கடையில் எல்லாரும் கைதட்டினார்கள். அவள் இறங்கியதும் சைக்கிளைச் சாய்த்து, முட்டி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு வெள்ளைக் கோடாக விரல் வைத்துப் பார்த்தாள். ஒரு கோடும் உடையவில்லை. எழுந்து கையுறையைக் கழற்றினாள். டீ டம்ளரை இரண்டு கையாலும் வாங்கினாள். அப்படியும் டீ சிந்தியது. அந்தக் கை சிந்தி நான் பார்த்ததில்லை.

"இப்ப உங்களோடது. பேஷா ஓட்டுங்க" என்றாள்.

நான் விடவில்லை. "எல்லாம் ஆன பொறகு எனக்கு எதுக்கு? மொதல் சவாரி உனக்குத்தான வேணும்?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள்.

"அரே, சவாரிக்கா போனேன்? பாதி இறக்கத்துல விட்டுப் போயிருந்தா? ஒட்டினது நான், நான்ல விழணும். நீங்க எதுக்கு விழணும்?"

முழுக்கைச் சட்டை, முழங்கால் பட்டை, கேப் விட்டு வாங்க, எல்லாம் ஒவ்வொன்றாக என் நினைவில் வந்து நின்றன. அந்தத் தொழிற்சாலை வழக்கத்தை எத்தனை முறை சாப்பாட்டு மேசையில் கேட்டிருக்கிறேன்! அது மரியாதை இல்லை. ஃப்ரேமைச் சுட்டுக் கெடுத்தது நான். அது உடைந்தால் யார் விழுவது என்று யோசித்தது அவள். நானோ யார் முதலில் ஏறுவது என்பதோடு நின்றுவிட்டிருந்தேன்.

பொறாமை போய்விட்டது என்று எழுதினால் நன்றாக இருக்கும். போகவில்லை. அந்த டீக்கடையில்தான் அது உச்சத்துக்குப் போனது. அவளுக்கு வந்த அந்த யோசனை எனக்கு ஏன் வரவில்லை? இதிலும் அவள் முந்திக்கொண்டாளே என்று வயிறு எரிந்தது. ஆனால் இந்த முறை சைக்கிள் யாரிடம் இருந்தாலும் எனக்குக் கவலையில்லை.

குழுவில் ஒருவர், தன் மாமாவிடம் இதேபோல் ஒட்டு விட்டுப்போன ஃப்ரேம் ஒன்று கிடக்கிறது, வஹினி செய்து கொடுப்பார்களா என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவள் செய்யலாம் என்றாள். நான் அவள் டம்ளரை வாங்கி வைத்தேன்.

"அத நான் ஒட்டறேன். எனக்குச் சொல்லிக் குடு" என்றேன்.

"நீங்களா? ஒட்டினா முதல்ல நீங்கதான் ஏறணும், தெரியுமில்ல?"

"அதுக்குத்தான் கேக்கறேன்."

அவள் வியர்வையில் ஈரமாக இருந்த தன் கையுறையை எடுத்து என் கையில் போட்டாள்.